கொட்டகைக்குக் குடுமி

கூரைமேல் புல் முளைத்திருந்தால் அந்த வீட்டைப் பாழடைந்த வீடு என்று சொல்வது நம் நாட்டு வழக்கம். சுவரிலே ஓர் அரசங்கன்று தலைகாட்டிவிட்டால், வீட்டுக்காரர் ஊரில் இல்லை, அல்லது கையில் காசு இல்லை என்று அர்த்தம். அப்படியிருக்க, ஒரு மனிதன் ஊரிலேயே இருந்துகொண்டு, கையிலிருந்த காசையும் செலவழித்து, நல்ல நாள் பார்த்துத் தன் தோட்டக் கொட்டகையின் தலைமேல் புல்லும் பூண்டும் வளர்ப்பானானால், அவனைப் பற்றி அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள்? சேலையூரில் எங்கள் தெருவார் என்ன நினைத்தார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால், நினைப்பதை மனத்திலேயே வைத்துக்கொள்ளும் கெட்ட வழக்கம் அவர்களிடம் கிடையாது.

"வாத்தியாருக்கு இன்னும் வானப்பிரஸ்த வயசு ஆகவில்லையே!" என்றார் எதிர்வீட்டுக்காரர். "காட்டுக்குப் போகச் சோம்பல்பட்டுக் காட்டையே வீட்டுக்கு வரவழைக்கிறார்" என்றார் அவருடைய நண்பர். பால்காரர் மட்டும் விஷயத்தைக் காரியார்த்தமாக நோக்கினார். "புல்லு வளர்ந்தப்புறம் ஏணி வைச்சுத் தரீங்களா, ஐயா? மாட்டுக்கு ஆகும்" என்று கேட்டார்.

இந்தப் பரிகாசங்களுக்கெல்லாம் அப்போது நான் பதில் சொல்லவில்லை. சற்று விரிவாகச் சொல்லவேண்டிய பதில் அது. ஆகையால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். மொட்டை மாடியில் பைகளையும் தொட்டிகளையும் வரிசையாக வைத்துக் கத்தரியும் தக்காளியும் போடுகிறார்களே, அது வேறு. அந்த மாடித் தோட்டம் நம் நகரங்களில் இப்போது நன்றாகப் பரவியிருக்கிறது. சர்க்காரின் தோட்டக்கலைத் துறையே பை, தென்னை நார்க்கழிவு, விதை எல்லாவற்றையும் சேர்த்து மானிய விலையில் கொடுக்கிறது. அது மிகவும் நல்ல காரியம். நான் சொல்லும் விஷயத்தில் தொட்டியும் இல்லை, பையும் இல்லை. கூரையே தொட்டி. அதன் முழுப் பரப்பிலும் மண்ணைப் பரப்பி, அந்த மண்ணை மூடும்படி செடி வளர்ப்பது. கூரைக்கு ஓடு போடுவதற்குப் பதிலாக உயிர் போடுவது என்று சொல்லலாம்.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த வித்தையும் அல்ல. நார்வே தேசத்துக் குடியானவர்கள் பூர்ச்ச மரப்பட்டையைக் கூரையில் அடுக்கி, அதன்மேல் புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளைப் பாவிப் பல நூற்றாண்டுகளாகக் குளிரைத் தடுத்துவந்தார்கள். ஜெர்மனியில் 1970-களுக்குப் பிறகு இதை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்துவிட்டார்கள். டோக்கியோ நகரத்தில் 2001-ஆம் வருஷத்திலும், கனடாவின் டொராண்டோ நகரத்தில் 2009-ஆம் வருஷத்திலும், பெரிய புதுக் கட்டிடங்களின் கூரையில் ஒரு பகுதியைப் பசுமையாக்கியே தீரவேண்டும் என்று விதி செய்தார்கள். அவர்களுக்கெல்லாம் அவசியம் இருந்தது, செய்தார்கள். நமக்கு அவசியம் உண்டா என்பதுதான் கேள்வி.

எங்கள் ஊர்க் கதையைச் சொன்னால் அதற்கு விடை கிடைக்கும். 1931-இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. 1937-இல் கிறிஸ்துவக் கல்லூரி பட்டணத்தை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிவந்தது. அந்தக் கல்லூரி வளாகத்தில் இன்றும் புதர்க்காடும் புள்ளிமானும் உண்டு. இந்தப் பக்கத்து நிலம் முன்பு எப்படி இருந்தது என்று அறிய விரும்புகிறவர்கள் அதன் மதிற்சுவருக்குள் எட்டிப் பார்த்தால் போதும். மதிலுக்கு வெளியே நடந்தது வேறு. சேலையூர் ஏரி, செம்பாக்கம் ஏரி, இராஜகீழ்ப்பாக்கம் ஏரி, சிட்லபாக்கம் ஏரி என்று ஏரிக்கு ஏரி தண்ணீர் கைமாறிக்கொண்டிருந்த பூமியில், வயல் மனையாயிற்று, மனை வீடாயிற்று, வீட்டைச் சுற்றியிருந்த மண் சிமெண்டுத் தரையாயிற்று. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி என்ற பட்டமும் பெற்றது. பட்டம் பெற்றவர்களுக்குத் தலையில் முடி குறைவது சகஜந்தான். ஆனால் ஊருக்கே வழுக்கை விழுந்தால் என்ன செய்வது?

இந்த வழுக்கை எங்கள் பக்கத்தில் ஏன் அதிக அபாயம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. பரங்கிமலையிலிருந்து பல்லாவரம், தாம்பரம் வரையில் மண்ணுக்கடியில் இருப்பது சார்னோகைட் என்னும் கெட்டியான கருங்கல். மணற்பாங்கான கடலோரத்தைப்போல் அது தண்ணீரை வாங்கி ஆழத்தில் வைத்துக்கொள்ளாது. அந்தப் பாறைக்கு மேலே உளுத்துப்போன கல்லும் மண்ணுமாக இருக்கும் அடுக்கில் தேங்குவதும், பாறை வெடிப்புகளில் இறங்குவதுந்தான் எங்கள் கிணற்று நீர். மேலே மண்ணை மூடினால் கீழே கிணறு காய்கிறது. இடையில் வேறு ரகசியம் ஒன்றும் இல்லை.

2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 1-ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் ஜனங்கள் வீட்டு மாடியில் நின்று படகுக்காகக் காத்திருந்தார்கள். நாலு வருஷம் முடிவதற்குள், 2019-ஆம் வருஷக் கோடையில், சென்னைக்குக் குடிநீர் கொடுக்கும் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் தண்ணீர் வந்தது. அதே ஊர், அதே ஜனங்கள். ஒரு சமயம் தண்ணீரிலிருந்து தப்பி ஓடினார்கள். மறு சமயம் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடினார்கள். வந்த தண்ணீர் தங்குவதற்கு இடம் இல்லாமற் போயிற்று என்பதே இரண்டுக்கும் பொதுவான காரணங்களில் ஒன்று.

இனிமேல் எங்கள் கொட்டகைக்கு வருவோம். நாங்கள் வாங்கியபோதே வீட்டின் பின்கட்டு முழுவதும் சிமெண்டு பூசிய வெளியாக இருந்தது. முன்னாள் சொந்தக்காரர் சேற்றுக்குப் பயந்தவர். அதன் ஒரு மூலையில் பத்தடிக்கு எட்டடியில் நாலு செங்கற் சுவரும், மேலே ஒரு தகரக் கூரையும். மண்வெட்டி, ஏணி, சைக்கிள், பழைய புஸ்தகங்கள் ஆகியவற்றின் வாசஸ்தலம் அது. மாலை வேளைகளில் தெருப்பிள்ளைகள் எட்டுப் பத்துப் பேர் கணக்குக் கேட்க வருவார்கள். அவர்களையும் அங்கேதான் உட்காரவைப்பேன். சித்திரை வைகாசியில் அந்தத் தகரத்தின் கீழ் உட்கார்ந்து பின்னக் கணக்குப் போடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் கொடுமை. ஐந்தில் மூன்று எவ்வளவு என்று கேட்டால், "தண்ணி, சார்!" என்று பதில் வரும்.

தகரமோ துருப்பிடித்துவிட்டது. எப்படியும் மாற்றவேண்டும். மாற்றுவதை ஏன் இப்படி மாற்றக்கூடாது என்று தோன்றிற்று.

என்னிடம் படித்த பையன் ஒருவன் இப்போது கட்டிடப் பொறியாளனாக இருக்கிறான். அவனை அழைத்துக் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் நான் அவனைக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் வட்டியும் முதலுமாக அவன் என்னைக் கேள்வி கேட்டான். மண் எத்தனை அங்குலம்? எந்த மண்? நனைந்தால் என்ன எடை? "சார், காய்ந்த மண்ணைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். ராத்திரி முழுவதும் மழை குடித்துவிட்டு நிற்கிற மண்ணைப் பார்த்துப் போடுங்கள்" என்றான். கணக்கும் போட்டுக் காட்டினான். எண்பது சதுர அடியில் நாலு அங்குல உயரத்துக்குச் சாதாரணத் தோட்டத்து மண்ணைப் போட்டால், நனைந்தபோது அதன் எடை ஏறத்தாழ 1,300 கிலோ. செம்மண்ணைக் குறைத்து, தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் உடைத்த செங்கற்பொடியும் கலந்தால் 850 கிலோவுக்குள் அடங்கும். எப்படியானாலும் வண்டலூர் மிருகக்காட்சிசாலை யானைக்குட்டி ஒன்று கொட்டகையின்மேல் படுத்துக்கொண்டதற்குச் சமானம். தகரமும் இரும்புக் குழாயும் அதைத் தாங்கா. நாலு அங்குலக் கனத்துக்குக் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் வேண்டும். சுவர்களும் அஸ்திவாரமும் அதைத் தாங்குமா என்று பார்க்கவேண்டும். பார்த்தான், தாங்கும் என்றான், பிறகுதான் மற்ற வேலை. இந்த வரிசையை யாரும் மாற்றிவிடக் கூடாது என்பதற்காகவே இதை இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

வேலை செய்ய வந்த மேஸ்திரிக்கு இந்த ஏற்பாடு கொஞ்சமும் பிடிக்கவில்லை. "வாத்தியாரய்யா, முப்பது வருஷமா மாடியிலே தண்ணி நிக்காம இருக்கத்தான் நான் கூலி வாங்கறேன். நீங்க தண்ணியை நிக்கவைக்கக் கூலி தரேங்கிறீங்களே!" என்றார். நியாயமான பேச்சு. அவருக்கு மனம் ஒப்பும்படி செய்ய அரைநாள் பிடித்தது.

"தண்ணீர் மண்ணிலே நிற்கவேண்டும், தளத்திலே நிற்கக் கூடாது" என்று சொன்னபோது அவருக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு எனக்குத்தான் அவர் பாடம் சொல்லிக்கொடுத்தார். பழைய சென்னை வீடுகளில் தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டித் தட்டித் தளம் போடுவார்களாம். அவருடைய தகப்பனார் அந்த வேலை செய்தவர். "அந்தத் தளத்துக்கு ஒரே ஒரு எமன்தான், ஐயா. அரசமரம்" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. நம் தேசத்தில் மிக உயரத்தில், மிகப் பழமையாக நடந்துவரும் கூரைத் தோட்டம் எது என்றால், அது கோயில் கோபுரந்தான். பக்ஷிகள் எச்சத்தோடு போட்ட ஆலும் அரசும் அங்கே செழித்து வளர்கின்றன. வேர், காரையின் இடுக்கில் நூலாக நுழைந்து கயிறாகப் பருத்துக் கல்லையே நெம்பிவிடுகிறது. கும்பாபிஷேகத் திருப்பணி என்றால் முதல் வேலை அந்தக் கன்றுகளை வேரோடு களைவதுதான். கூரையில் செடி வளர்க்க விரும்புகிறவன் கோபுரத்தை நினைத்துக்கொண்டே வளர்க்கவேண்டும்.

ஆகையால் எங்கள் கொட்டகையின் தலையில் பல அடுக்குகள் வந்தன. கான்கிரீட் தளத்தின்மேல், ஒரு பக்கமாகத் தண்ணீர் ஓடும்படி சாய்வு வைத்து, நீர் கசியாத பூச்சு. அதன்மேல் வேர் துளைக்க முடியாத தடித்த பிளாஸ்டிக் விரிப்பு. ஓரங்களில் கைப்பிடிச் சுவர் மேல் ஏறும்படி மடித்துவிட்டது. அதன்மேல் இரண்டங்குலம் செங்கல் ஜல்லி. மிஞ்சிய தண்ணீர் ஓடுவதற்கு வழி. ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே, தண்ணீரை விட்டு மண்ணை விடாத ஒரு துணி. எல்லாவற்றுக்கும் மேலே அந்த நாலங்குலக் கலவை. தாழ்ந்த பக்கத்தில் ஒரு குழாய். மண்ணைப் போடுவதற்கு முன்னால் தளத்தில் தண்ணீர் கட்டி மூன்று நாள் வைத்து, உள்ளே ஒரு சொட்டும் கசியவில்லை என்று மேஸ்திரி கையால் தடவிப் பார்த்த பிறகே மற்றதெல்லாம். மண் போட்டபின் கசிவு தெரிந்தால் முழுவதையும் வாரிக் கொட்டவேண்டும் அல்லவா?

சரி, என்ன நடுவது? ஜெர்மன்காரர்கள் ஸீடம் என்னும் ஒருவகைச் சதைப்பற்றுப் பூண்டைக் கம்பளம்போல் வளர்த்துச் சுருட்டி விற்கிறார்கள். குளிர்நாட்டுக்கு அது மகா சிலாக்கியமானது. ஆனால் சென்னையில் ஐப்பசி கார்த்திகையில் ஓயாத ஈரம். கத்திரி வெயிலிலோ இரவிலும் தணியாத சூடு. வருஷத்தில் ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் மழை பெய்தாலும், அதில் பாதிக்குமேல் வடகிழக்குப் பருவத்தில் ஒரேயடியாகக் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்த ஈரத்தில் அழுகாமலும் இந்த வெயிலில் கருகாமலும் இருக்கக் கற்றுக்கொண்ட செடிகளை அயல்நாட்டிலிருந்து ஏன் வரவழைக்கவேண்டும்? அவை நம் வேலியிலேயே இருக்கின்றன. யாரும் தண்ணீர் ஊற்றாமல் வேலியில் படர்ந்திருக்கும் பிரண்டையைப் பாருங்கள். கற்றாழையைப் பாருங்கள். இவை பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் மட்டும் திறந்து மூச்சு வாங்குகின்றன. பகல் வெயிலில் வேர்வையே சிந்துவதில்லை. சிக்கனத்தில் நம் பாட்டிமார்களுக்கு ஒப்பானவை.

ஆகவே ஓரங்களில் பிரண்டையும் கற்றாழையும், நடுவில் தரையோடு படரும் சிறுபசலையும் பருப்புக்கீரையும், நிழல் விழும் மூலையில் கற்பூரவல்லியும், எஞ்சிய இடமெல்லாம் அருகம்புல்லுமாக நட்டோம். பிள்ளைகள் ஆசைக்காகப் பத்துமணிப்பூவும் ஒரு வரிசை. முதற்கோடையில் அருகம்புல் வைக்கோல் நிறமாயிற்று. "முடிந்தது!" என்று எதிர்வீட்டுக்காரர் துக்கம் விசாரித்தார். ஆடியில் இரண்டு மழை பெய்ததும் அது ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்துகொண்டது. அருகைப்போல் வாழ்க என்று நம் பெரியவர்கள் வாழ்த்தியது வெறும் பேச்சல்ல என்று அன்று அறிந்தேன். மாதம் ஒருமுறை ஏணி போட்டு ஏறி, முளைத்திருக்கும் அரசங்கன்றுகளை நகத்தளவாக இருக்கும்போதே பிடுங்கிவிடுகிறேன். குழாய் வாயில் சருகு அடைக்காமல் பார்த்துக்கொள்வதும் என் வேலை. கடுங்கோடையில் பாத்திரம் கழுவிய சோப்பில்லாத தண்ணீர் வாரம் இரண்டு நாள் மேலே போகிறது. வேறு உபசாரம் இல்லை.

பலன் என்ன? மண்ணின் கனமும் இலையின் நிழலும் ஈரம் ஆவியாகும் குளிர்ச்சியும் சேர்ந்து, வைகாசி மாலையிலும் கொட்டகைக்குள் பிள்ளைகள் உட்கார முடிகிறது. ஐந்தில் மூன்றுக்குச் சரியான விடையும் சில சமயம் கிடைக்கிறது. மேலே தேன்சிட்டும் தவிட்டுக்குருவியும் வருகின்றன. துவையலுக்குப் பிரண்டை கேட்டு அடுத்த தெருவிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. பரிகசித்த வீட்டாருக்குத்தான் முதல் பங்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் மழை விஷயத்தில் உண்மையை மறைக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு அதையே ஒரு கணக்காகக் கொடுத்தேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் கூரை ஏறத்தாழ ஏழரைச் சதுர மீட்டர். 2015-ஆம் வருஷத்து மழை மறுபடி பெய்தால், இந்தக் கூரைமேல் மட்டும் விழும் தண்ணீர் சுமார் 3,600 லிட்டர். பதினைந்து லிட்டர்க் குடத்தால் 240 குடம். இதில் நாலங்குல மண் எவ்வளவு குடிக்கும்? நன்றாகக் காய்ந்திருந்தால் பதினைந்து குடம். மிச்சம் 225 குடம் குழாய் வழியாக வெளியே! இரண்டு சென்டிமீட்டர்க் கோடை மழை என்றால் முழுவதையும் குடித்துவிட்டு ஏப்பம் விடும். பெருமழைக்கு முன்னால் அது ஒரு உத்தரணி. 2003-ஆம் வருஷத்திலிருந்து நம் ராஜ்யத்தில் எல்லா வீட்டிலும் கட்டாயமாக இருக்கும் மழைநீர்த் தொட்டிக்கு அந்தக் குழாயைத் திருப்பிவிட்டிருக்கிறேன். மிச்சத்தில் கொஞ்சம் கிணற்றுக்குப் போகும்.

கணக்கு முடிந்த அன்று என் தாயார் பின்கட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். செங்கற்பட்டு ஜில்லாவில் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் பிறந்தவள். கொட்டகையின் பச்சைத் தலையைப் பார்த்தாள். காலடியிலிருந்த சிமெண்டுத் தரையைப் பார்த்தாள். "ஏண்டா, மேலே மண்ணை வைச்சே, சரி. கீழே இருந்த மண்ணை எங்கேடா?" என்று கேட்டாள்.

எம்.ஏ. பட்டம் வாங்கிய எனக்கு இதற்கு உடனே பதில் வரவில்லை. பதில் இருந்தால்தானே வரும்!

ஜே. ஸி. குமரப்பா 1945-இல் நிலைத்து நிற்கும் பொருளாதாரத்தைப் பற்றி ஒரு புஸ்தகம் வெளியிட்டார். இயற்கை சேமித்து வைத்திருப்பதை எடுத்துச் செலவழிப்பது ஒரு வாழ்வு. அதன் நித்திய வரவை வாங்கி, திருப்பிக் கொடுத்து வாழ்வது மற்றொரு வாழ்வு என்பது அவருடைய கருத்து. வீடு கட்டுகிறவன் ஒவ்வொருவனும் பூமாதேவியிடம் கடன் வாங்குகிறான். அவளுடைய மேனியில் இத்தனை சதுர அடி என்று எடுத்து மூடிக்கொள்கிறான். கூரைமேல் மண் வைத்துச் செடி வளர்த்தால் அந்தக் கடனுக்கு வட்டி கட்டுகிறோம். வட்டி கட்டுவது யோக்கியமான காரியம். கட்டாதவர்களைவிடக் கட்டுகிறவன் மேல். ஆனால் வட்டி, அசல் ஆகாது. நாலங்குல மண் பதினைந்து குடத்தோடு போதும் என்கிறது. தரையிலிருக்கும் மண்ணோ, பாறை வரையில் இறக்கி வைத்துக்கொண்டு இன்னும் கொண்டுவா என்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியை மறுபடியும் அழைத்தேன். கொட்டகைச் சுவரை ஒட்டி ஆறடி அகலத்துக்குப் பின்கட்டின் நீளம் முழுவதும் சிமெண்டை உடைத்தெடுத்தோம். அடியிலிருந்த செம்மண் கல்லாக இறுகிக் கிடந்தது. கொத்திவிட்டுச் சாணமும் சருகும் போட்டு ஒரு மழைக்காலம் விட்டதும் மண்புழு தலைகாட்டிற்று. என் தாயார் ஆடிப் பட்டத்தில் அங்கே இரண்டு சுரைவிதை ஊன்றினாள். கொடி, சுவரோரம் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிப் பசலையோடு உறவு கொண்டாடிற்று. கீற்றுக் கூரையின்மேல் சுரைக்கொடி ஏற்றிய நம் கிராமத்தார் நார்வேக்காரரையும் அறியார், ஜெர்மன்காரரையும் அறியார். வேர் தரையில், இலை கூரையில் என்று வைத்துக்கொண்டார்கள். யானைக்குட்டி எடையும் இல்லை, பொறியாளன் கணக்கும் இல்லை. நிழலும் உண்டு, கூட்டுக்குக் காயும் உண்டு.

இதைப் படிக்கும் நேயர்களில் கொட்டகையோ, கார் நிறுத்தும் தளமோ கட்ட உத்தேசித்திருப்பவர்கள், தாங்கும் சக்தியைத் தெரிந்தவரைக் கொண்டு கணக்குப் பார்த்து, தாராளமாகத் தலையில் பச்சை வைக்கலாம். கூரை தாங்காதென்றால் கொடியை ஏற்றலாம். இரண்டுக்கும் வசதி இல்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். வீட்டைச் சுற்றிக் காரணமின்றிப் பூசியிருக்கும் சிமெண்டில் நாலு சதுர அடியைக் கடப்பாரையால் பெயர்த்துவிடுங்கள். வட்டி கட்ட முடியாதவன் அசலில் கொஞ்சம் அடைத்தால் எந்தக் கடன்காரியும் கோபித்துக்கொள்ளமாட்டாள். பூமாதேவி நிச்சயமாகக் கோபித்துக்கொள்ளமாட்டாள். பொறுமைக்கே பெயர்போனவள் அல்லவா? ஆனால் அந்தப் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை 2015-லும் 2019-லும் எங்கள் ஊரார் கண்ணால் கண்டார்கள்.